பதினாறில் சுற்றிய இசைத்தட்டு

முதலில் சாம்பல் நிற அட்டை போட்ட தட்டைக் கேளுங்கள். ஆரஞ்சு வட்டம் போட்டதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கொம்பு ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், மரப்பெட்டி ஸ்பீக்கரில் கேளுங்கள். வேகத்தைக் குறைத்து, முடிந்தால் ஓர் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சாயங்காலம் வாசகசாலை வாசலில் கூடும் நம் வயதுக்காரர்களிடம் இதை நான் வாயாலேயே சொல்லியிருக்கலாம். போன வாரம் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆளாளுக்குப் பிடித்ததைச் சொன்னீர்கள். "நீ என்னப்பா கேப்ப?" என்று என்னையும் கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் தட்டுகளின் பெயர் எனக்குத் தெரியாது. அட்டையில் இருந்ததை யாராலும் வாசிக்க முடியவில்லை. மொத்தம் நான்கு. சாம்பல் அட்டை, ஆரஞ்சு வட்டம், கட்டம் போட்டது, அட்டையே இல்லாத மொட்டைத் தட்டு. இந்தப் பெயர்கள் நான் வைத்தவை. அவற்றில் பாட்டு இல்லை. பாடுகிறவர் இல்லை. மேளம், நாயனம், பிடில் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மின்சாரத்தை வைத்தே சத்தம் உண்டாக்கி அதைக் கோத்திருந்தார்கள் என்று பிற்காலத்தில் என் மகன் விளக்கினான். எனக்கு அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: புஸ்வாணம் அணைகிற கடைசி நொடியில் ஒரு மூச்சு வருமே, அது. காலி டிரம்மைச் சிமெண்டுத் தரையில் உருட்டினால் வருவது. தண்டவாளத்தில் காதை வைத்தால், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே உள்ளே கேட்குமே, அது. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல் வரும்.

அந்தத் தட்டுகள் எங்கள் ஊருக்கு வந்த கதை சின்னதுதான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு ஜெர்மனியிலிருந்து மிஷின் வந்து இறங்கியது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்து மூன்று மாதம் தங்கினார். ஊருக்குத் திரும்பும்போது சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் ஒரு பிளேயரையும் நான்கு தட்டுகளையும் விட்டுவிட்டுப் போனார். தூக்கிப்போகக் கனம் என்று விட்டாரா, சலித்துப்போய் விட்டாரா தெரியாது. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் ரேடியோ செட்டுக்காரர், கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் மைக் கட்டுகிறவர், ஏதோ வேலையாக அந்த அச்சகத்துக்குப் போனபோது, "வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலமே கடையில் வைத்துப் போட்டார். பட்டாசுக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பக்கத்து டீக்கடையில் நிறைந்திருந்தார்கள். எல்லார் கையிலும் வெடிமருந்தின் வெள்ளிப் பூச்சு. "வெளிநாட்டுச் சங்கீதம், காது குடுத்துக் கேளுங்க" என்றார் ரேடியோ செட்டுக்காரர் பெருமையாக.

பிளேயரின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதைச் சுற்றி, தட்டு நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்று 16, 33, 45, 78 என நான்கு எண்கள். அவரிடம் இருந்த பாட்டுத் தட்டுகள் எல்லாம் எழுபத்தெட்டில் சுற்றுபவை. அதனால் இதையும் எழுபத்தெட்டிலேயே வைத்தார். கீச்சுக் கீச்சென்று என்னவோ பறந்தது.

"யோவ், கோழிக்குஞ்சு லாரி கவுந்த மாதிரி இருக்குய்யா!" என்று டீக்கடைக்காரர் கத்தினார். "நிறுத்துதீரா இல்லையா? பால் திரிஞ்சிரும்."

"ஜெர்மன்காரன் சண்டையில ஏன் தோத்தான்னு இப்பத்தான் வெளங்குது" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

ரேடியோ செட்டுக்காரர் முகம் தொங்கிப்போய் ஊசியைத் தூக்கினார். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பாட்டு என்றால் அதில் யாரோ ஒருவர் நம்மைப் பார்த்துப் பாடுகிறார். இதில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கூச்சப்படுகிற பையனுக்கு அது சௌகரியமாக இருந்திருக்கலாம்.

பிடித்த ஒன்றை இன்னொருவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. வாயே திறக்காத நான் சிபாரிசு செய்யக் கிளம்பினேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்து வாத்தியாரிடம் போய், "சார், ஒரு தட்டு இருக்கு, கேக்கீகளா?" என்றேன். நான் பேசினேன் என்ற ஆச்சரியத்திலேயே அவர் வந்துவிட்டார். அரை நிமிடம் நின்று கேட்டார். "ராகமும் இல்ல, தாளமும் இல்ல. நீ வாய்ப்பாடு படிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாவிடம் சொன்னேன். "அடுப்புல கொளம்பு கொதிக்கிற சத்தமும் அப்பிடித்தான் இருக்கும். உக்காந்து அதக் கேளு, அடிப்பிடிக்காமக் கிண்டவும் செய்யி" என்றார்.

மிஞ்சியது சித்தப்பா.

சித்தப்பா அப்பாவுக்கு இளையவர். எங்கள் வீட்டில்தான் இருந்தார். பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் பார்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு லோடும் கிளம்பும் முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வெடித்துப் பார்க்க வேண்டும். சத்தம் கனமாக இருக்கிறதா, சொத்தையாக இருக்கிறதா என்று அவர் சொன்ன பிறகுதான் லாரி நகரும். "கம்பெனிக்கே காது எங்க வீட்டுப் பிள்ளதான்" என்று அப்பா சொல்லிக்கொள்வார்.

முன்பெல்லாம் சித்தப்பா பாட்டென்றால் உயிரை விடுவார். அந்த வருடம் தை மாதத்துக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். ரேடியோ செட்டுக் கடையில் பாட்டு ஓடும்போது வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கேட்டதற்குப் பதில் வராது, அல்லது கேட்காததற்குப் பதில் வரும். அவரைச் சீக்கிரமே போர்மேன் ஆக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்ததால் ஊரில் அதற்குக் காரணம் ரெடியாக இருந்தது.

"போர்மேன் ஆகப் போறாகள்லா, இனிமே நம்ம சத்தமெல்லாம் எட்டுமா?" என்றார் டீக்கடைக்காரர்.

அம்மாவுக்கும் வருத்தம். "கல்யாணப் பேச்ச எடுத்ததுல இருந்து எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காரு. மதினின்னு ஒரு வார்த்த இல்ல. மனசுல வேற யாரும் இருக்காளோ என்னவோ" என்று அப்பாவிடம் முறையிட்டார். அப்பாவுக்கு மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. அவருக்குக் கனத்த குரல். போதாததற்கு எப்போதும் கத்தித்தான் பேசுவார். அவர் கூப்பிட்டால் சித்தப்பா உடனே, "என்னண்ணே" என்று வந்து நிற்பார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரேடியோ செட்டுக்காரர் என்னைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சாம்பல் அட்டைத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "சித்தப்பா, கடலை" என்று மூன்று தடவை கேட்டேன். திரும்பவில்லை. கோபம் வந்தது. யாரும் இல்லாத தைரியத்தில், தொடக்கூடாது என்று சொல்லியிருந்த அந்தக் குமிழைப் பிடித்துத் திருகினேன். எழுபத்தெட்டிலிருந்து பதினாறுக்குப் போய் நின்றது.

தட்டு தள்ளாடி, மூச்சு வாங்குவது போல் மெதுவாகச் சுற்றியது. கோழிக்குஞ்சுகள் எல்லாம் காணாமல் போயின. அவற்றுக்குப் பதிலாக உள்ளே எங்கிருந்தோ ஒரு பெரிய சத்தம் எழுந்து வந்தது. அடித்த சத்தம் அல்ல. கிணற்றுக்குள் இறங்கிய ஒருவர் உதட்டை மூடிக்கொண்டு முனகுவதுபோல் இருந்தது. மரப்பெட்டி ஸ்பீக்கர் இருந்த மேஜை அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த ஆணிகள் ஒன்றோடொன்று உரசின.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார்.

கையில் இருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். பெட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். "ஏலே, என்ன சத்தம்லே இது?" என்றார். "நல்லாருக்கே. அணைச்சிராத."

அந்தப் பக்கம் முடியும்வரை அவர் நகரவில்லை. முடிந்ததும் அவருக்குப் பின்பக்கமாக நின்று, "சித்தப்பா" என்றேன். அசையவில்லை. தொண்டையை இறுக்கி, அப்பா மாதிரிக் கட்டைக் குரலில், "சித்தப்பா" என்றேன். திரும்பினார். இன்னொரு தடவை என் சொந்தக் குரலில் கூப்பிட்டேன். கூப்பிட்ட என் வாயைப் பார்த்துவிட்டார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

உட்கார்ந்து மெல்லச் சொன்னார். தை மாதம், சாம்பிள் பார்க்கும்போது ஒரு திரி குட்டையாக இருந்திருக்கிறது. விலகுவதற்குள் காதோரம் வெடித்துவிட்டது. காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து காதுக்குள் ஒரு விசில். மெல்லிய சத்தம் எதுவும் அதைத் தாண்டி உள்ளே போவதில்லை.

"பொம்பளையாளுக பேசுதது, சின்னப்பிள்ளைக பேசுதது, பாட்டு, ஒண்ணும் கேக்கல. வாயசையுறது மட்டும் தெரியுது. இந்தத் தட்டு ஓடுச்சே, அம்புட்டு நேரமும் அந்த விசில் நின்னுருந்துச்சுலே" என்றார். பிறகு என் தோளைப் பிடித்தார். "யார்ட்டயும் சொல்லிராத. காது போச்சுன்னு தெரிஞ்சா சாம்பிள் வேலையில இருந்து தூக்கிருவாக. செவிட்டுப் பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று, அவருக்குக் கேட்கும் குரலில் சொன்னேன்.

இப்போது யோசித்தால் எனக்கு ஒன்று பிடிபடவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை வெடி வெடிக்கிறவருக்குக் காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்ல அந்தக் கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டிலும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாசி முடியும்வரை ரேடியோ செட்டுக்காரர் சாப்பிடப் போகிற நேரம் எங்கள் நேரமாக இருந்தது. நான்கு தட்டுகளையும் பதினாறில் வைத்துக் கேட்டோம். அவருக்குச் சாம்பல் அட்டைதான் முதல். ஆரஞ்சு வட்டத்தில் நடுவில் ஒரு இடத்தில் எல்லாம் அடங்கி, ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு 'தும்' வரும். அதற்காகக் காத்திருப்பார். வந்ததும் சாம்பிள் பார்த்தவர் போலத் தலையை ஆட்டி, "கனமா இருக்கு, லோடு போகலாம்" என்பார். இருவரும் சிரிப்போம். கட்டம் போட்டது அவருக்கு ஆகவில்லை. மொட்டைத் தட்டில் ஒரு பக்கம் மட்டும் தேறும்.

இதற்கு நடுவில் பெண் பார்த்தாகிவிட்டது. ஆமத்தூர்ப் பெண். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. அம்மாவும் அத்தைமாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே புகழ்ச்சி. "அம்புட்டு அடக்கம். கேட்டதுக்கெல்லாம் தலையத்தான் ஆட்டுச்சு. ஒரு சத்தம் வெளிய வரல." சித்தப்பாவும் தூரத்திலிருந்து பார்த்துச் சரி என்றிருந்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தகப்பனாரும், சாத்தூரிலிருந்து பெண்ணின் தாய்மாமனும். தாய்மாமன் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள்.

தாய்மாமனுக்கு ஆள்தான் பெரிய ஆள். குரல் கீச்சுக் குரல்.

வெயிலுக்குக் கலர் சோடா பாட்டில் உடைத்துக் கொடுத்தோம். சித்தப்பா பெண்ணின் தகப்பனாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் பக்கவாட்டில் இருந்தார்.

"மாப்ள, உங்க பக்கம் மழை எப்பிடி?" என்றார் தாய்மாமன்.

சித்தப்பா வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்ள, உங்களத்தான். சாப்பாடு ஆச்சா?"

சித்தப்பா தகப்பனாரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் பாட்டிலைக் கீழே வைத்தார். "நேரடியாவே கேக்கேன். எங்க வீட்டுப் பிள்ளையப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

சித்தப்பா முகத்தில் அதே சிரிப்பு.

நான் கதவோரம் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் இல்லாமல் அத்தனை பேர் முகம். நான் சுவரைப் பார்த்தேன்.

"எந்திரிங்க மச்சான்" என்று தாய்மாமன் எழுந்தார். "போர்மேன் ஆகுததுக்கு முன்னாலயே இந்தக் கெத்து. ஆனப்பெறகு நம்ம பிள்ளையக் கண்ணெடுத்துப் பாப்பாரா?" கலரைக் குடிக்காமலே போனார்கள். மறுநாள் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா சித்தப்பாவைத் திட்டின திட்டு தெருக்கோடி வரை கேட்டது. "வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானலே! வீடு தேடி வந்த மனுசனை இப்பிடியா அவமானப்படுத்துவ?" சித்தப்பா, "மன்னிச்சிருங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். அம்மா அழுதார். நான் அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அது அடிப்பிடித்துவிட்டது.

பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு விருதுநகர் போனோம். வருடா வருடம் சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் அங்கே கோயிலுக்குப் போகிற ரோட்டில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். ரேடியோ செட்டுக்காரர் பந்தலுக்கு மேலே கொம்பு ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார். கொம்பு ஸ்பீக்கர் மெல்லிய சத்தத்தை ஊருக்கே எறியும், கனத்த சத்தத்தை விழுங்கிவிடும். சித்தப்பா அந்தப் பாட்டுக்கு அடியிலேயே, ஒன்றும் காதில் விழாமல், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்டாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சிறுபிள்ளைகளும் பெண்களும் கேட்டபோதெல்லாம், நான்தான் செம்பை வாங்கி அவர் கையில் கொடுத்து நிரப்பி வாங்கிக் கொடுத்தேன்.

"தம்பி, ஒரு செம்புத் தண்ணி குடு."

ஆண் குரல் என்று நினைத்து நிமிர்ந்தேன். தாவணி போட்ட ஒரு பெண் நின்றிருந்தது. பக்கத்தில் அதன் தாயார். சித்தப்பாவுக்குப் பேசி முறிந்துபோன ஆமத்தூர்ப் பெண்தான் அது. அம்மாவோடு சந்தைக்குப் போனபோது ஒருமுறை பார்த்திருந்தேன், அதற்கும் என்னைத் தெரியும். அந்தக் குரலை இப்போதுதான் கேட்டேன். பெண்ணுக்கு அப்படி ஒரு குரலை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. நெஞ்சுக்குக் கீழே இருந்து வரும் குரல்.

தாயார் அதன் கையில் கிள்ளினார். "மெதுவாப் பேசுடீ. நாலு பேரு திரும்பிப் பாக்காக. இந்தக் கொரல வச்சிக்கிட்டு வெளிய வாயத் தொறக்காதன்னு எத்தன தடவ சொல்லுதது?"

அம்மா மெச்சிய அடக்கத்தின் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊர் முழுக்கப் போய் ஒரு தட்டைக் கேளுங்கள், கேளுங்கள் என்று சொன்னவன் நான். யாரும் கேட்கவில்லை. இப்போது சொல்ல வேண்டியது வேறு. சித்தப்பாவின் காதைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். இந்தக் குரலைப் பற்றி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அது சரியான நியாயமா என்று இன்றைக்கும் தெரியாது. செம்பை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா, அந்தா நிக்காகள்லா, எங்க சித்தப்பா. அவுகட்டக் கேளுங்க. சத்தம் போட வேண்டாம். நீங்க எப்பவும் பேசுத மாதிரியே கேளுங்க."

அது என்னை முறைத்தது. "வீடு தேடி வந்த எங்க மாமாவுக்கே பதில் சொல்லாத ஆளு, எனக்கா திரும்புவாரு?"

"திரும்புவாக" என்றேன். "நீங்க கேட்டாத் திரும்புவாக."

தாயார் வேண்டாம் என்று இழுத்தார். அது கையை உதறிவிட்டு ஒரு அடி முன்னால் வந்தது. சித்தப்பாவின் முதுகைப் பார்த்து, கொம்பு ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும்போதே, "கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றது.

சித்தப்பா சட்டென்று திரும்பினார். அன்றைக்குக் கடலையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாரே, அதே மாதிரி. கையில் இருந்த குவளைத் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. யார் கூப்பிட்டது என்று தேடினார். பெண் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

"தண்ணி கேட்டேன். காலுக்கு ஊத்துததுக்கு இல்ல, குடிக்க."

சித்தப்பா சிரித்தார். பெண் பேச்சு முறிந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. செம்பை நிரப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் அவராகவே சொன்னார். "அன்னைக்கு உங்க மாமா பேசினது ஒண்ணும் எனக்குக் கேக்கல. தையில இருந்து காது சரியில்ல. நீங்க பேசுதது கேக்குது."

நான் ஒளித்து வைத்திருந்ததை அவரே எடுத்துப் போட்டுவிட்டார். அப்பாடா என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் அந்தப் பெண்தான் நடத்தியது. வீட்டில் போய், "எங் கொரலக் கேட்டு மூஞ்சியச் சுளிக்காம, இன்னொரு தடவ சொல்லச் சொன்ன மொத ஆளு அவருதான். எனக்கு அவருதான்" என்று சொல்லிவிட்டதாம். தகப்பனார் யோசித்தார். செவிட்டு மாப்பிள்ளை என்று ஊர் சொல்லுமே என்றார் தாயார். "கட்டக் கொரலுக்காரின்னு என்னைச் சொல்லாத ஊரா?" என்றதாம்.

சித்தப்பாவும் துணிந்து கம்பெனியில் போய்ப் போர்மேனிடம் சொல்லிவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன், காதுக்குத் துணையாக. போர்மேன் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, "என்னது? சத்தமாச் சொல்லு" என்றார். சித்தப்பா மறுபடி சொன்னார். போர்மேன் சிரித்தே விட்டார். "இங்கன யாருக்குலே முழுக் காது இருக்கு? எனக்கு இடது பக்கம் மூடிப் பல வருசமாச்சு. இதுக்கா பயந்துக்கிட்டுக் கெடந்த? சாம்பிள் பாக்கக் காது வேண்டாம், நெஞ்சுல வந்து அடிக்குதுல்லா, அது போதும். நாளையில இருந்து பஞ்சு வச்சிக்கிட்டுப் பத்தடி தள்ளி நில்லு." அந்தப் போர்மேன் மட்டும் முதலிலேயே தன் காதைப் பற்றிச் சொல்லியிருந்தால் என்று இப்போது நினைக்கிறேன். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் மூடிக்கொண்டு, மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

நிச்சயத்தன்று தாய்மாமன் மறுபடி வந்தார். மனத்தாங்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. "மாப்ள, எங்க பிள்ளையப் பிடிச்சிருக்கா?" என்று அதே கீச்சுக் குரலில் கேட்டார். அது எட்டுவதற்குள் உள் அறையிலிருந்து கட்டைக் குரல் வந்தது: "மாமா கேக்காக, என்னையப் பிடிச்சிருக்கான்னு."

"பிடிச்சிருக்கு" என்றார் சித்தப்பா, கதவைப் பார்த்து.

பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அடக்கமான பெண் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். தாய்மாமன் கலர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

வைகாசியில் கல்யாணம். தாலி கட்டியானதும் ரேடியோ செட்டுக்காரர் கொம்பு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, மரப்பெட்டியைத் தூக்கி வந்து மணமேடைக்குப் பக்கத்தில் வைத்தார். சாம்பல் அட்டைத் தட்டு, பதினாறில். நான்தான் சொல்லியிருந்தேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. "கரண்டு கொறஞ்சிருச்சா?" என்றார் ஒருவர். சமையல் ஆள் பாத்திரம் உருளுகிறது என்று பின்பக்கம் ஓடினார். சித்தி சித்தப்பாவைப் பார்த்து, "என்ன சத்தம் இது?" என்று கேட்டார். "ஒங்க கொரலு மாதிரி" என்றார் சித்தப்பா. அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்வதா வேண்டாமா என்று சித்தி கொஞ்ச நேரம் யோசித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தட்டுகள் இப்போது இல்லை. சாம்பல் அட்டைத் தட்டு ஒரு கோடையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து அப்பளம் மாதிரி வளைந்துபோனது. ஆரஞ்சு வட்டத்தின் அட்டை வெகுநாள் எங்கள் வீட்டு முறுக்கு டின்னுக்கு மூடியாக இருந்தது. மற்ற இரண்டும் ரேடியோ செட்டுக்காரர் கடையை மூடியபோது எங்கே போயினவோ. அந்த வருடத்தோடு என் படிப்பும் நின்றது. நானும் கம்பெனிக்குப் போனேன். முதல் நாளே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிலர் இப்போது வாசகசாலை வாசலில் என்னிடம், "என்னது? என்னது?" என்று கேட்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

போன மாதம் என் மகன் சென்னையிலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தான். நான் வர்ணித்ததை வைத்து, அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் யார் யார் என்று தேடிப் பதிந்திருந்தான். என் நான்கு தட்டுகளில் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. நான் கேட்டதெல்லாம் தப்பான வேகத்தில்தானே. சித்தப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு எழுபது நெருங்குகிறது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம், கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். ஸ்பீக்கர்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மெதுவா ஓட விடுலே" என்றார். நான் எந்தக் குமிழைத் திருகுவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து சித்தி, "சாப்பிட வாங்க, ஆறிருச்சு" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

சித்தப்பா ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து போனார். தட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.